முப்பதுக்கு மேல் தாதிப் பயிற்சி

திருவொற்றியூரைச் சார்ந்த காலடிப்பேட்டையின் பெயரைக் கேட்பவர், ஏதோ ஒரு தெய்வத்தின் திருவடி பட்ட இடம் போலும் என்று எண்ணுவர். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராயிருந்த ஜோசப் காலட் என்பவர் நெசவாளர் குடும்பங்களைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலட் பேட்டை என்பதே மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. தறியோசையில் பிறந்த அவ்வூரில் காலப்போக்கில் தறிகள் குறைந்தன. பிள்ளைகள் பெரம்பூர் ஆலைக்கும், துறைமுகத்துக்கும், தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும், எண்ணூர்ப் பக்கத்து மோட்டார்த் தொழிற்சாலைக்கும் சென்றனர். பின்னியின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. எண்ணூரின் பழைய அனல் மின் நிலையம் 2017-இல் நின்றது. ஆகவே ஒரு தொழிலை விட்டு மற்றொன்றைக் கைக்கொள்வது வட சென்னைக் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், தையல் இயந்திரத்தை விட்டெழுந்து தாதிப் பள்ளியில் போய் அமர விரும்புகிறாள் என்றால், வீட்டார் சற்றே திகைக்கத்தான் செய்கின்றனர்.

அத்தகைய ஒரு வீட்டிலிருந்து நமக்குக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் துறைமுகத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்ற ஓர் அங்கத்தினர். அவருடைய தகப்பனார் தறிக்காரர். அவருடைய மருமகளுக்கு வயது முப்பத்திரண்டு. பிளஸ் டூவில் வணிகப் பிரிவு படித்துத் தேறியவர். மணமான பின் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் தையல் வேலை பார்க்கிறார். ஒன்பது வயதில் ஒரு மகன். மாமியார் ஆறு மாத காலம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவரைக் குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் போட்டு, மருந்து வேளை தவறாமல் கொடுத்தவர் இந்த மருமகளே. அதைப் பார்க்க வந்த தாதி ஒருவர், “நீ ஏன் இதையே படிக்கக் கூடாது?” என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அச்சொல் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. மாமனார் போகட்டும் என்கிறார், கணவர் தயங்குகிறார், அந்தப் பெண்ணோ, “பதினெட்டு வயசுப் பிள்ளைங்களோட நான் எப்படி உட்காருவேன், மாமா?” என்கிறாராம். உள்ளே போனால் என்ன நேரும் என்பதைச் சற்று விவரமாக எழுத வேண்டும் என்பது அங்கத்தினரின் கோரிக்கை.

நாமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இராயபுரம் சென்று, தாதிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவரைக் கண்டு பேசினோம். அவர் தம் இருபத்தொன்பதாம் வயதில் பயிற்சியில் சேர்ந்தவர். அதற்கு முன் தொழிற்சாலையில் பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் வேலை செய்தவர். அவர் சொன்னவற்றையும், விதிகளில் உள்ளவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் வடபகுதி ஆலைப் புகைக்கு மட்டும் பெயர் பெற்றதன்று. வைத்தியசாலைகளுக்கும் பெயர் பெற்றது. 1782-ஆம் ஆண்டையொட்டி ஹைதர் அலியின் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் ஊரைவிட்டு ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரம்தான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆயிற்று. இன்றும் வயதானவர்கள் அதைக் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே சொல்வர். 1938-இல் அங்கே மருத்துவக் கல்லூரி எழுந்தது. இராயபுரத்தில் சவலை இராமசாமி முதலியார் என்ற வணிகர் 1880-இல் நிறுவிய பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் நம் அங்கத்தினரிடையே எண்ணற்றோர் இருப்பர். 1888-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த மட்டில்டா மெக்பெயில் என்ற பெண் டாக்டரின் முயற்சியால் வளர்ந்து, 1914-இல் சொந்தக் கட்டடம் பெற்றது ரெய்னி ஆஸ்பத்திரி. தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி உண்டு. ஆக, தாதி வேலை கற்க இப்பகுதிப் பெண் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பஸ் ஏறினால் போதும்.

நம் நாட்டில் தாதிப் பயிற்சி தொடங்கிய ஊரும் சென்னையே. 1871-இல் பொது மருத்துவமனையில் முதற்பள்ளி ஏற்பட்டது. நான்கு மாணவிகள், ஆறு மாதப் பயிற்சி. வேலூரில் 1909-இல் பள்ளியும் 1946-இல் பட்டப்படிப்பும் வந்தன. ஆயினும் நெடுங்காலம் நம் குடும்பங்கள் இவ்வேலையைக் குறைவாகவே மதித்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்நியர் உடம்பைத் தொடுவது, இரவில் வீட்டை விட்டு வெளியே இருப்பது, எச்சிலையும் மலத்தையும் அள்ளுவது என்று முகம் சுளித்தோம். கிறிஸ்தவப் பெண்களும் ஆதரவற்ற விதவைகளும் முன்வந்து அப்பணியை ஏற்றனர். நாம் நோயுற்றபோது அவர்கள் கையால்தான் தண்ணீர் குடித்தோம். இன்று சம்பளம் வருகிறது, வெளிநாட்டு வாய்ப்பு வருகிறது என்றவுடன் மதிப்பும் வந்திருக்கிறது. இந்த வரிசையில் எது முன், எது பின் என்பதை எண்ணிப் பார்த்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

வயது கடந்து இப்பணிக்கு வந்தவர் புதியவர் அல்லர். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஜெர்மனியில் பயிற்சி பெறச் சென்றது 1851-இல். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று. முதல் உலக யுத்தத்தில் உயிர் நீத்த எடித் கேவல், பிள்ளைகளுக்கு வீட்டு ஆசிரியையாக இருந்துவிட்டு, முப்பதாம் வயதில் லண்டன் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தார். நம் நாட்டிலும் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் இருந்த மத்திய சமூக நல வாரியம், படிப்பை இடையில் விட்ட வயது வந்த பெண்கள் விரைவில் பரீட்சை எழுதித் தேறுவதற்கென 1958-இல் சுருக்கப் பாடத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அப்படித் தேறியவர்கள் ஆசிரியை, கிராம சேவிகை, தாதி முதலிய பயிற்சிகளுக்குச் செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். முப்பது வயதுப் பெண் மீண்டும் மாணவி ஆகலாம் என்பதை அன்றே சர்க்கார் ஒப்புக்கொண்டுவிட்டது.

இனி விதிகளுக்கு வருவோம். இதில் ஏமாறுகிறவர்களே அதிகம் ஆகையால் அங்கத்தினர்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். பதிவு பெற்ற தாதியாவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மூன்றாண்டு டிப்ளமா. பொதுச் செவிலியம் மற்றும் மகப்பேறு என்பது அதன் பெயர். மற்றொன்று நான்காண்டு பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம். பட்டப்படிப்புக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும், ஆங்கிலமும் வேண்டும், பொதுப் பிரிவினருக்கு 45 சதவீத மதிப்பெண். டிப்ளமாவுக்கு அறிவியல் படித்தவர்க்கு முதலிடம் என்றாலும், இந்திய செவிலியர் குழுமத்தின் விதி மற்றப் பிரிவினரையும் விலக்கவில்லை; ஆங்கிலத்துடன் தேறி 40 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். ஆகவே வணிகப் பிரிவு படித்த நம் அங்கத்தினரின் மருமகளுக்கு உரிய வாசல் டிப்ளமாவே. பிற்பாடு விரும்பினால் இரண்டாண்டு மேற்படிப்பால் அதைப் பட்டமாக்கிக் கொள்ளலாம். இவற்றுக்குக் கீழே இரண்டாண்டுத் துணைச் செவிலியர் பயிற்சியும் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் அவ்வழி வந்தவர்களே. ஆண்களும் இத்தொழிலுக்கு வரலாம். அவர்களுக்கு இடங்கள் குறைவு.

வயதுக் கணக்குத்தான் கழுத்தைப் பிடிப்பது. குறைந்த அளவு பதினேழு. மேல் எல்லை முப்பத்தைந்து. துணைச் செவிலியராக முன்பே பதிவு பெற்று, டிப்ளமாவுக்கு வருபவர்க்கு மாத்திரம் இந்த மேல் எல்லை இல்லை. சேர்க்கை ஆண்டுக்கு ஒருமுறையே நடக்கும். முப்பத்திரண்டு வயதுப் பெண், “அடுத்த வருஷம் பார்க்கலாம், பையன் கொஞ்சம் வளரட்டும்” என்று சொல்லக்கூடிய தடவைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். சர்க்கார் பள்ளிகளும் தனியார் பள்ளிகளும் தத்தம் விளம்பரத்தில் மேலும் நிபந்தனைகள் விதிப்பதுண்டு. மணமானவர் விடுதியில்தான் தங்க வேண்டுமா, வீட்டிலிருந்து வந்து போகலாமா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். இதை வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு திரும்பாமல் எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் உரக்கச் சொல்ல விரும்புகிறோம். ஆறு மாதம், ஓராண்டு என்று ‘நர்சிங்’ சான்றிதழ் கொடுக்கும் இடங்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன. வெள்ளைச் சீருடை தருவார்கள், புகைப்படம் எடுப்பார்கள், பட்டமளிப்பு விழாவும் நடத்துவார்கள். ஆனால் அச்சான்றிதழைக் கொண்டு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயர் பதிய முடியாது. பதிவு இல்லையேல் சட்டப்படி தாதி இல்லை. சென்னை மாகாணத்தில் 1926-இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அகில இந்திய அளவில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதற்குப் பதிலாக 2023-இல் புதிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. நமக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டில், பெண்ணின் இரண்டாண்டு காலமும் தாலிச் சங்கிலி அடகு வைத்த பணமும் இத்தகைய ஓர் இடத்தில் கரைந்தன. கடைசியில் ஒரு சிறு கிளினிக்கில் உதவியாள் வேலைதான் கிடைத்தது. பணம் கட்டுமுன் அப்பள்ளி அங்கீகாரம் பெற்றதா என்று குழுமத்தின் பட்டியலில் பார்ப்பதற்கு அரைமணி நேரம் போதும்.

சரி, சேர்ந்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். என்ன நேரும்?

முதல் ஆண்டில் உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், உளவியல், சமூகவியல், சத்துணவு, முதலுதவி, சமுதாய சுகாதாரம், ஆங்கிலம், கம்ப்யூட்டர் இவற்றோடு செவிலியத்தின் அடிப்படைப் பாடம். இரண்டாம் ஆண்டில் மருத்துவ, அறுவைச் சிகிச்சைச் செவிலியமும், மனநலமும், குழந்தை நலமும். மூன்றாம் ஆண்டில் பிரசவமும் சமுதாய சுகாதாரமும், இறுதியில் வார்டிலேயே முழு நேரமாகப் பழகும் காலமும். புத்தகங்கள் ஆங்கிலத்தில். பதினைந்து ஆண்டுகளாகப் புத்தகம் தொடாதவருக்கு முதல் மூன்று மாதங்கள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கும். அந்த மூதாட்டி, எலும்புகளின் பெயர்களைச் சமையலறைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்துச் சோறு வடிக்கும்போது மனப்பாடம் செய்தாராம். “இருநூற்றாறு எலும்பு, பேரு வாயில நுழையல. ஆனா ரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்தது நான் இல்லை, சின்னப் பிள்ளைங்கதான்” என்று சொல்லிச் சிரித்தார்.

கணக்கைக் கண்டு சிலர் அஞ்சுகின்றனர். அஞ்ச வேண்டியதில்லை என்று நம் அங்கத்தினருக்குத் துணிந்து சொல்லலாம். நாற்பதாம் நம்பர் நூல் என்றால் 840 கஜம் கொண்ட சிட்டம் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை என்பதைக் கணக்கிட்டுப் பாவுக்கு இவ்வளவு, ஊடைக்கு இவ்வளவு என்று பிரித்தவர்கள் நாம். ஒரு டாங்கு தண்ணீருக்கு எத்தனை மில்லி மருந்து என்று வரப்பில் நின்று கணக்கிடுபவர் பயிரிடுவோர். வார்டில் வருவதும் அத்தகைய கணக்கே. அரை லிட்டர் உப்பு நீரை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாய், மில்லிக்கு இருபது சொட்டு விழும் வகை. மொத்தம் பதினாயிரம் சொட்டு, இருநூற்று நாற்பது நிமிடம். ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணிச் சரிசெய்ய வேண்டும். கணக்கு எளிது, பிழைத்தால் கெடுவது துணியன்று என்பதே வேறுபாடு.

வகுப்பை விட வார்டே பெரிய பள்ளிக்கூடம். தொடக்கத்தில் ஊசியும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. படுக்கை விரிப்பதே முதற்பாடம். மூலையை மடித்துச் செருகிச் சுருக்கமின்றி விரிக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் அசையாமல் கிடப்பவர் முதுகு புண்ணாகும். துணியில் சுருக்கம் என்றால் என்ன என்பதை நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டுமா? பின்னர் கை கழுவுதல். அதற்கு இத்தனை படிகளா என்று முதலில் வியப்பு வரும்; பிறகு பழக்கமாகும். உடம்பு துடைத்தல், பெட்பான் வைத்து எடுத்தல், சூடும் நாடியும் மூச்சும் பார்த்து எழுதுதல் என்று மாதங்கள் போகும். “படித்தவள் பெட்பான் எடுக்கவா வந்தேன்?” என்று கேட்டுவிட்டு நின்றுவிடுபவர் உண்டு. வீட்டில் பெரியவர்களைப் பார்த்துப் பழகியவர் அதைக் கேட்பதில்லை. இங்கேதான் வயது துணைக்கு வருகிறது.

ஆனால் வயதே இடைஞ்சலாகும் இடமும் உண்டு. அந்த மூதாட்டி சொன்ன ஒரு நிகழ்ச்சியை அப்படியே தருகிறோம். பயிற்சியின் நான்காம் மாதம், ஒரு காலையில் பன்னிரண்டு பேருக்கு நாடி பார்க்க வேண்டியிருந்தது. முழு நிமிடம் எண்ண வேண்டும் என்பது பாடம். தொழிற்சாலையில் துண்டுக் கணக்கில் வேகமாக வேலை செய்து பழகிய கை. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கி எழுதிக்கொண்டே போனார். ஒரு முதியவரின் நாடி இடையிடையே தவறி ஓடியது கால் நிமிடத்தில் தெரியவில்லை. அடுத்து வந்த தாதி கண்டுபிடித்து டாக்டரை அழைத்தார். முதியவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் தம்மைவிட ஆறு வயது இளைய அந்தத் தாதி, வார்டு நடுவில் நிற்க வைத்து, “எண்ணாததை ஏன் எழுதினீங்க?” என்று கேட்டாராம். வீட்டில் நாலு பேருக்கு மூத்தவள், தெருவில் ‘அக்கா’ என்று அழைக்கப்படுபவள், அன்று ஒரு சிறு பெண்முன் தலை குனிந்து நின்றாள். “அன்னிக்கே வேலையை விட்டுடலாம்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். அப்புறம் யோசிச்சேன், அவ கேட்டதுல தப்பு என்ன? அதுக்கப்புறம் முப்பது வருஷம், எண்ணாத ஒண்ணை நான் எழுதினதில்லை” என்றார்.

முப்பதுக்கு மேல் வருபவர் எதிர்பார்க்க வேண்டியதில் தலையானது இதுவென்று நாம் கருதுகிறோம். இரத்தமன்று, இரவு விழிப்பன்று, ஆங்கிலமும் அன்று. மீண்டும் கடைசி வரிசையில் நிற்பது. முன்பு செய்த வேலையில் பெற்ற கைத்திறனை எடுத்துக்கொண்டு, அங்கே பெற்ற மூப்பை வாசலில் கழற்றி வைக்க வேண்டும். இதைச் செய்ய முடியாமல் திரும்பியவர்களைப் பற்றியும் அவர் சொன்னார். அவர்கள் யாவரும் மக்குகள் அல்லர். சிலர் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள்.

கழற்ற வேண்டியதில் வளையலும் அடங்கும். கண்ணாடி வளையலோ மோதிரமோ அணிந்து வார்டில் நோயாளியைத் தொடக் கூடாது. கிருமி தங்கும், கீறும். சுமங்கலிப் பெண் வெறுங்கையுடன் போவதா என்று சில வீடுகளில் இதற்கே பூசல் எழுந்திருக்கிறது. மாமியார்மார் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் நல்லது.

இரவு முறை வரும். ஆலை ஷிப்டும் துறைமுக ஷிப்டும் பார்த்த வீடுகளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. இதுகாறும் ஆண் விழித்தான், இனிப் பெண் விழிப்பாள், அவ்வளவே. பகலில் அவர் தூங்கும்போது வீடு சத்தமின்றி இருக்க வேண்டும் என்பதை மாத்திரம் ஆண்கள் கற்றுக்கொள்ள வேண்டும். நோய்த் தொற்று அபாயமும் உண்டு. ஊசி குத்திக்கொள்வதால் வரும் மஞ்சள் காமாலைக்கு, அதாவது ஹெப்படைட்டிஸ் பி-க்கு, தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து என மூன்று தடவை. சேருமுன்பே தொடங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

மரணத்தையும் பார்க்க நேரும். இதை மறைத்து எழுதுவது நியாயமாகாது. முதல் முறை பார்த்த முகம் மறக்காது என்றார் அந்த அம்மையார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

வட சென்னை வார்டுகளுக்குத் தனியாக ஒரு முகம் உண்டு. இயந்திரத்தில் நசுங்கிய விரல், அறுந்த கை என்று தொழிலாளிகள் வந்துகொண்டே இருந்த காரணத்தால்தான் ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைத் துறை நாடறிந்ததாக வளர்ந்தது; பேராசிரியர் ஆர். வெங்கடசாமி அதை வளர்த்தவர். தைத்த கை மீண்டும் நூலைப் பிடிக்கும் வரை பார்த்துக்கொள்வது தாதியும் பயிற்சியாளருமே. 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பம் கடலோரத்தில், உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கண் எரிந்து மூச்சு முட்டி மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர்; பலர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய நேரத்தில் கண்ணைத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்கவும், பிராணவாயு வைக்கவும், யார் நிலை மோசம் என்று முகத்தைப் பார்த்தே பிரிக்கவும் தெரிந்த ஒரு பெண் குப்பத்துக்குள்ளேயே குடியிருந்தால் அதன் பயன் என்ன என்பதை அன்று ஓடியவர்கள் அறிவர். பாவில் ஆயிரம் இழைகளுக்கிடையே அறுந்த ஓர் இழையைக் கண்டு தறியை நிறுத்தும் கண்தான் இங்கும் வேண்டியது.

இனிப் பணம். மூன்றாண்டுகள் ஒரு சம்பளம் நிற்கும். அதற்கு மேல் கட்டணம், புத்தகம், சீருடை, பஸ் செலவு. சர்க்கார் பள்ளியில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. தனியார் பள்ளியில் பன்மடங்கு. கடன் வாங்கிச் சேர்ந்தால் முதலாண்டுக்கு மாத்திரம் வாங்காமல் மூன்றாண்டுக்கும் கணக்குப் போட்டு வாங்க வேண்டும். இடையில் பணமின்றி நின்றுபோன படிப்புக்கு யாரும் அரைச் சம்பளம் தருவதில்லை. நம் சங்கங்களில் சிக்கனச் சேமிப்பு வைத்திருக்கும் அங்கத்தினர்கள், விண்ணப்பிப்பதற்கு ஓராண்டு முன்பிருந்தே வரப்போகும் படிப்புச் செலவுக்கு ஒப்பாக மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கிப் பார்க்கலாம். அத்தொகை இன்றி வீடு நடக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். நடக்கவில்லையென்றாலும் நட்டமில்லை, சேமிப்பு கையில் இருக்கும்.

முடித்த மறுநாளே நிரந்தர சர்க்கார் உத்தியோகம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் 2015-இல் தேர்வெழுதி எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான தாதியர் ஒப்பந்த முறையில் மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்திலேயே தொடங்கினர். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் திரண்டு உட்கார்ந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தனியார் ஆஸ்பத்திரிகளின் நிலை பற்றி உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட, மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த இடங்களிலும் தாதிக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஒன்று, கைக்கு வருவது ஒன்று. சிறிய ஆஸ்பத்திரிகளில் இதற்குக் குறைந்து வாங்குவோர் ஏராளம். கூலி குறைத்துக் கேட்கும் மாஸ்டர் வீவரிடம் தனித்து நின்று பேசிய நெசவாளர் கதை நமக்குத் தெரியும். சங்கம் ஏன் பிறந்தது என்பதும் தெரியும். தாதியருக்கும் அது தெரிந்திருக்கிறது.

ஆயினும் தையல் கம்பெனியில் நாற்பது வயதுக்கு மேல் கண் மங்கினால் வேலை மங்கும். தாதிப் பதிவு உள்ளவருக்கு அனுபவம் ஏற ஏற மதிப்பு ஏறும். ஒப்பந்தச் சம்பளத்தைப் பற்றி நாம் மேலே எழுதியதைக் காட்டியபோது அந்த மூதாட்டி, “எழுதுங்க, மறைக்காதீங்க. ஆனா நான் திரும்பப் பிறந்தாலும் இதுக்குத்தான் வருவேன்னும் எழுதுங்க” என்றார். எழுதிவிட்டோம்.

இக்கட்டுரை அச்சுக்குப் போகுமுன் அங்கத்தினரின் வீட்டுக்கு ஒருமுறை போய் வந்தோம். கணவர் இன்னும் முழுமனதாக ஒப்பவில்லை. ஆனால் மகனைக் காலையில் பள்ளிக்கு அழைத்துப் போகும் பொறுப்பைத் தாம் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார். மாமனார், மாலையில் பேரனுக்கு வீட்டுப் பாடம் பார்ப்பது தம் வேலை என்கிறார். மருமகள் பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தால், பள்ளியில் எழுதிய தகப்பனார் பெயரின் முதலெழுத்துக்கும் ஆதார் அட்டையில் மணத்திற்குப் பின் மாற்றிய முதலெழுத்துக்கும் பொருத்தமில்லை. விண்ணப்பத்தில் இது தடையாகும் என்று எவரோ சொன்னதால், சான்றுகளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குத் திங்கட்கிழமை போவதாக இருக்கிறார். கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லியாயிற்று.